கொழும்பு வரிக்கு எங்கள் ஊரில் மிளகாய் அரைத்த கதை

1

போன செவ்வாய்க்கிழமை, கொழும்பு புறக்கோட்டையில் நான் கணக்கு எழுதுகிற பலசரக்கு மொத்தக் கடையில் மிளகாய் வற்றல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. நம் சீமை முண்டு வற்றல். தெருவில் போன சிங்களவர், தமிழர், சோனகர் எல்லாரும் பேதமில்லாமல் தும்மினார்கள். இந்த நாட்டில் ஒற்றுமை என்ற ஒன்றை நான் பார்ப்பது இந்த மாதிரிச் சமயங்களில்தான்.

மூட்டையோடு வந்தவன் எங்கள் ஊர்க்காரன் சாத்தையா. காரைக்குடியிலிருந்து கோவிலூரைத் தாண்டி வண்டித்தடத்தில் போனால் வருகிற ஊர். பேரைச் சொன்னால் காரைக்குடிக்காரர்களுக்கே தெரியாது, அதனால் விட்டுவிடுகிறேன். சாத்தையா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவன் போல வைத்துக்கொண்டான்.

"ஒங்க அண்ணனுக்குப் புத்தி பெசகிப் போச்சுண்ணே."

"என்னடா சொல்றே?"

"ஊரே மொளகா போட்டுருக்கு. போன வருசம் கொழும்புக்கு ஏத்துனவன் எல்லாம் இப்ப ஓட்டப் பிரிச்சுட்டு மச்சு கட்டுறான். ஒங்க அண்ணன் மட்டும் அம்புட்டு நெலத்துலயும் கடலையப் போட்டுட்டு உக்காந்துருக்காரு. ஏன்னு கேட்டா, 'நான் மொளகா போடலப்பா'ங்கிறாரு. வேற பேச்சே இல்ல. பேயடிச்சிருக்கும்னு மந்திரிச்சுக்கூடப் பாத்தாச்சு."

சாத்தையா போன பிறகு எனக்குக் கணக்கு ஓடவில்லை. என் அண்ணன் வெள்ளைச்சாமிக்குப் பேயும் அடிக்கவில்லை, பிசாசும் அடிக்கவில்லை. அவர் ஏன் கடலை போட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்து வெள்ளாமையைக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் விட்டிருக்கிறார். ஊர் அவரைப் பைத்தியம் என்கிறது. அவரும் காரணத்தைச் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அது யாருக்காக என்றால் என் மனைவி புவனத்துக்காக. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சில நாளாக என் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள்.

2

இலங்கையில் குடியிருக்கிற நம்மூர்க்காரனுக்கு இரண்டு வேலை. ஒன்று பிழைப்பு. மற்றது குடிவரவுக் கந்தோரில் வரிசையில் நிற்பது. கந்தோர் என்றால் இங்கே ஆபீஸ். விசா புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அங்கே இருக்கிற உத்தியோகத்தர் என் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். படத்தில் இருக்கிறவன் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. என்மேல் இல்லை. "எப்ப திரும்பிப் போறது?" என்று கேட்பார். "அடுத்த வருஷம் ஐயா" என்பேன். நான் அடுத்த வருஷம் திரும்பிப் போகத் தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது.

இங்கே எனக்கு ஓட்டு கிடையாது. ஊருக்குப் போனபோது கிராம முன்சீப்பிடம் விசாரித்தேன். "ஒங்க பேர அடிச்சாச்சுங்க. நீங்கதான் வெளிநாட்டுல இருக்கீகளே" என்று செத்தவன் பேரை அடித்த மாதிரி சொன்னார். ஆக இரண்டு நாட்டிலும் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் இரண்டு நாட்டு அரசியலையும் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் பேசுவேன். புவனம் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மகள் வதனி இங்கே பிறந்தவள். நான் லாரி என்றால், "லொறி அப்பா" என்று திருத்துவாள். கோபம் வந்தால் சிங்களத்தில் திட்டுகிறாள். அதில் பாதி எனக்குப் புரியாது, அதுவும் நல்லதற்குத்தான். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தால், "இந்தியாவுக்கோ?" என்பாள். நான் ஊர் என்று சொல்கிற இடத்தை அவள் இந்தியா என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம், "ஊர்னு சொல்லு" என்று நானும் திருத்துவேன். ஆனால் அவள் மேல் என்ன குற்றம்? அவள் ஊரில் இருந்த நாட்களே கொஞ்சம். அந்தக் கொஞ்ச நாளும் மிளகாய் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தாள்.

3

புவனம் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தாள். எங்கள் கடைக்கு மாதச் சாமான் வாங்க வருவாள். நிறுவையில் குறை கண்டுபிடித்து என்னோடு சண்டை போட்டாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வதனி பிறந்த பிறகுதான் அண்ணன், "பிள்ளையக் கூட்டிட்டு வாங்கடா" என்று ஆள்மூலம் சொல்லிவிட்டார்.

புவனத்தின் அப்பா, என் மாமனார், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் தோட்டக்காரர். நான் அவரை முதலில் பார்த்தபோது புகையிலை போட்டிருந்தார். கிணற்றடிச் செம்மண்ணில் ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் வைத்த மாதிரித் தண்ணீர் ஊற்றுவார். அரசியலில் அவர் தமிழ்க் கட்சி. கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகத்தில் குந்தியிருந்து அடி வாங்கியவர். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, இங்கே அது கலெக்டர் ஆபீஸ். அந்த அடியின் தழும்பை வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். சம்பந்தம் பேசப் போன எனக்கும் காட்டினார்.

எழுபதில் இங்கே ஆட்சி மாறியது. நம் நாட்டிலிருந்து வருகிற மிளகாய்க்கு முதலில் வரியை ஏற்றினார்கள். பிறகு லைசென்ஸைக் குறைத்தார்கள். பிறகு கதவையே சாத்திவிட்டார்கள். உள்ளூர் விவசாயியைத் தூக்கிவிடத்தான் என்றார்கள். உண்மையாகவே தூக்கிவிட்டது. மாமனார் புகையிலையைப் பிடுங்கிவிட்டு மிளகாய் போட்டார். மண் சுவர் கல் சுவர் ஆயிற்று, பிற்பாடு வாசலில் ஒரு லொறியும் நின்றது. நடு அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கொழும்பு மந்திரி ஒருவருடைய படம் ஏறியது. அது முருகனைவிட ஒரு விரற்கடை உயரத்தில் தொங்கியது. கட்சிக்காரச் சிநேகிதர்கள் தேத்தண்ணி குடிக்க வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"மாமா, உங்களை அடித்தது இதே ஆட்கள்தானே?" என்று கேட்டேன்.

"ஓம் மருமகன். அடிச்சது முதுகில. குடுத்தது கையில. முதுகை நான் பாக்கிறேல்ல, கையைத்தான் தினமும் பாக்கிறன்" என்றார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. வரி ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் கடையில் தராசு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

4

எழுபத்தொன்றில் மாசி மாதம் புவனத்தையும் குழந்தையையும் முதல்முறையாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் போட் மெயில் பிடித்து, காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கினோம். அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தேன். கரை வேட்டி!

விஷயம் என்னவென்றால், அண்ணன் பழைய கட்சி. கதரைத் தவிர வேறு துணி பட்டால் உடம்பு அரிக்கிறது என்று சொல்கிறவர். அறுபத்தேழில் ஊரே புதுக் கட்சிக்குச் சாய்ந்தபோது இவர் ஒருத்தர் மட்டும் அசையவில்லை.

"கதர் எங்கண்ணே?"

"தொவைக்கப் போட்டுருக்கேன்" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அது அடுப்புத் துணியாகி ரொம்ப நாளாச்சு தம்பி" என்றார் அண்ணி.

ஊருக்குள் நுழைந்ததும் காரணம் மூக்கில் ஏறியது. ஒவ்வொரு வீட்டுக் களத்திலும் வற்றல் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. வாங்க ஆள் இல்லை. காரைக்குடி செக்காலையில் கமிஷன் மண்டி வைத்திருந்தவர், "கொழும்புக்குச் சரக்குப் போகலையே, நான் என்ன வத்தல அரைச்சு நெத்தியில பூசிக்கிறதா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். அந்த வருஷம் எங்கள் ஊரில் தடைப்பட்ட கல்யாணங்களுக்கு எல்லாம் ஒரே காரணம்தான்.

"டில்லியில நம்ம ஆளுகதான இருக்காக? கொழும்புக்காரன்ட்ட ஒரு வார்த்த கேட்டாகளாடா?" என்றார் அண்ணன். அவருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். இத்தனை வருஷம் அந்தக் கட்சிக்காக ஊரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்.

தேர்தல் நெருங்கியிருந்தது. புதுக் கட்சி வேட்பாளர் சாயங்காலம் ஜீப்பில் வந்தார். "நான் சட்டசபைக்குப் போன மறுநாள், அந்த வரி இருக்காது! இது சத்தியம்!" என்றார். கைதட்டலில் காக்கையெல்லாம் பறந்தது. அண்ணன் பெருமையாக என்னை முன்னால் இழுத்துவிட்டார். "எந்தம்பி கொழும்புலதான் இருக்கான். அவன்ட்டயே கேப்போம்."

நான் படித்தவன் என்று காட்டிக்கொள்ள எழுந்தேன். இது வேறு நாட்டு அரசாங்கம் போட்ட வரி, நம் சட்டசபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். ஊர் அம்பலக்காரர் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப யாரு எடுக்கணும்?"

"கொழும்புல உள்ள கவர்மெண்டு."

"அதுக்கு யாரு ஓட்டுப் போடுறா?"

"அங்க உள்ள சனங்க."

"நீங்க அங்குட்டுத்தான இருக்கீக. நீங்க போடுங்க."

"எனக்கு அங்க ஓட்டு இல்லைங்க."

"இங்குட்டு?"

"இங்கயும் அடிச்சுட்டாங்க."

அம்பலக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எதுக்குங்க வெளக்கஞ் சொல்ல எந்திரிச்சீக?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வேட்பாளர்தான் ரொம்பச் சிரித்தார். ஊர் மொத்த ஓட்டும் அவருக்கே என்று முடிவாயிற்று, அண்ணன் ஓட்டையும் சேர்த்து. அவர் ஜெயித்தார். வரியை எடுக்கவில்லை, ஊருக்குப் பஸ் விட்டார். விற்காத வற்றலை ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் போய், விற்காமலே திருப்பிக் கொண்டுவர அது வசதியாக இருந்தது.

5

என் விளக்கம் வேறு வழியில் வேலை செய்தது. சட்டசபை போய்ச் சேராத இடம் என்று ஒன்று இருப்பது ஊருக்கு உறைத்துவிட்டது. "ஓட்டுப் போகாத எடத்துக்கு ஆத்தா போவா" என்றார் அம்பலக்காரர்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு காளி இருக்கிறாள். கேட்க நாதியில்லாத அநியாயம் நடந்தால் அவளிடம்தான் போவோம். கோயிலில் ஒரு அம்மி உண்டு. கெடுத்தவன் பேரைச் சொல்லி வற்றலை அரைத்து அவள் மேனியில் அப்பிவிட வேண்டும். அந்த எரிச்சல் தாங்காமல் அவள் போய் அவனைப் பார்த்துக்கொள்வாள். காரியம் ஆனதும் அப்பினவனே வந்து எண்ணெயும் இளநீரும் ஊற்றி அவளைக் குளிர வைக்க வேண்டும். ஆடு திருடினவன், வரப்பை வெட்டினவன் எல்லாம் அரைக்கிற சத்தம் கேட்டாலே வந்து ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் இதுவரை யாரும் வெளிநாட்டு மந்திரிசபைக்கு அரைத்ததில்லை.

எல்லைக் காளிக்குக் கடல் தாண்டி அதிகாரம் உண்டா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. "ஆத்தாளுக்குப் பாஸ்போட்டு வேணுமாக்கும்?" என்று பூசாரி ஒரே கேள்வியில் தள்ளுபடி செய்தார். எனக்கு என் குடிவரவுக் கந்தோர் வரிசை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. மிளகாய் போட்ட வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி வற்றல் வந்தது. வீட்டுக்கு ஒரு மருமகள் ஒரு கை அரைக்க வேண்டும் என்பது முறை.

"பேரச் சொல்லுங்க தம்பி" என்றார் பூசாரி.

"ஒருத்தர் இல்லைங்க, அது ஒரு சபை" என்றேன்.

"சபைக்கெல்லாம் வத்தல் பத்தாதுப்பா" என்றவர் தானே வாசகத்தைச் சொன்னார்: "வரி போட்டவனும், அந்த வரியால வாழுறவனும் எரியட்டும்!"

எனக்குப் பகீரென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி புவனத்தின் கையைப் பிடித்து அம்மிக்கு முன்னால் உட்கார்த்திவிட்டார். புதிதாக வந்த மருமகளுக்கு முதல் மரியாதை. புவனம் குழவியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆருக்கு இது, அக்கா?"

"கொழும்புல வரி போட்டவனுக்கும், அத வச்சுப் பொழைக்கிறவனுக்கும். சும்மா அரை ஆத்தா."

புவனம் குழவியை விட்டாள். "எங்கட அப்பாவும் மிளகாய்த் தோட்டம்தான் செய்யிறவர். இந்த வரி வந்தாப் பிறகுதான் கல்வீடு கட்டத் தொடங்கினவர். அப்ப நான் எங்கட அப்பாவுக்கோ அரைக்கிறன்?"

ஆத்தாடி என்று யாரோ ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்தினாள். என் மாமனார் புகையிலைக்காரர் என்றுதான் ஊருக்குத் தெரியும். கூட்டம் முழுக்க அண்ணனைத் திரும்பிப் பார்த்தது.

அண்ணன் அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துப் போயிற்று. "தாயி, இது ஊருக்காகச் செய்யிறது..." என்றார். அண்ணியைப் பார்த்துத் தலையை அசைத்தார். புவனம் எழுந்த இடத்தில் அண்ணி உட்கார்ந்து அரைத்தார். அதை அண்ணன் தன் கையாலேயே வழித்து எடுத்துக் காளியின் மேனியில் அப்பினார்.

புவனம் கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டோம். "உங்கட அண்ணன்ர வாசல் இனி மிதிக்க மாட்டன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

6

அதற்குப் பிறகு ஊருக்கு நான் தனியாகத்தான் போனேன். அண்ணன் புவனத்தைப் பற்றிக் கேட்கமாட்டார், வதனியைப் பற்றி மட்டும் கேட்பார். அண்ணி பலகாரம் கட்டித் தருவார். கொழும்புக்கு வந்ததும் புவனம் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்கள் ஊர் சீப்புச் சீடைக்கு அடிமையாகிப் போனது. எழுபத்தேழு கலவரத்தில் எங்களை ஒளித்து வைத்தது அந்த வீடுதான். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு எனக்கு வேறு மை வேண்டும்.

அதே வருஷம் இங்கே தேர்தலும் நடந்தது. வரி போட்ட ஆட்சி படுத்தே போயிற்று. மிளகாய் கண்ணில் காட்ட முடியாத விலை விற்றதும், பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடிய விடிய வரிசையில் நின்றதும் ஓட்டுப் போடும்போது சனங்களுக்கு மறக்கவில்லை. வந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். நம் சீமை வற்றல் மறுபடி கப்பலேறியது.

புறக்கோட்டையில் தும்மல் தொடங்கியதும் வடமராட்சியில் விலை விழுந்தது. மாமனார் லொறியை விற்றார். மந்திரி படத்தைக் கழற்றிவிட்டார். முருகன் மட்டும் தனியாகத் தொங்கினார்.

7

போன வருஷம் தை மாதம் மாமனார் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். விற்காத மிளகாய்க்குக் கொழும்பில் ஆள் பார்க்க வந்திருந்தார். வந்து மூன்றாம் நாள் வாசலில் ஒரு குரல்.

"வீட்ல யாரு இருக்கீக?"

அண்ணன்! சொல்லாமல் கொள்ளாமல், புதுப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கையில் ஒரு பை வற்றலோடு நின்றார். இடைத்தரகர் வேண்டாம், நேரே கொழும்பில் விலை பேசலாம் என்று ஊரில் அனுப்பியிருக்கிறார்கள். தலைமன்னாரில் சுங்க அதிகாரி பையைப் பிரித்து, "இது விற்கவா?" என்று கேட்டாராம். "கொழம்புக்குய்யா" என்று சொல்லிவிட்டாராம். அத்தனை வற்றலைக் குழம்பில் போடுகிற மனுஷனை அதிகாரி பயத்தோடு பார்த்து விட்டுவிட்டார்.

புவனம் அடுப்படி வாசலில் நின்றாள். "வாங்கோ" என்றாள். ஒரே ஒரு சொல். அண்ணன் அதையே பெரிய வரமாக எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார்.

இரண்டு அறை வீட்டில் இரண்டு மிளகாய்க்காரர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நான். முதல் வேளைச் சாப்பாட்டில் சோறு மெல்லும் சத்தம் மட்டும்தான். வதனிதான் உடைத்தாள்.

"பெரியப்பா ஏன் 'வாரீக, போறீக' எண்டு பாட்டுப் போலக் கதைக்கிறார்?"

மாமனார் சிரித்துவிட்டார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு விவசாயிகள் பேச ஆரம்பித்தார்கள். உரம், பூச்சி, தண்ணி. முண்டு வற்றலையும் நீட்டு வற்றலையும் வெற்றிலைத் தட்டில் வைத்து உடைத்து, முகர்ந்து, ஒருவர் பயிரை ஒருவர் மரியாதையாகக் குறை சொன்னார்கள். பிறகு இரண்டு நாட்டு அரசாங்கத்தையும் சேர்த்துத் திட்டினார்கள். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"வரி போட்டப்பவும் இவன் கடை ஓடுச்சு, வரிய எடுத்தப்பவும் ஓடுது பாத்தீகளா மாமா?" என்றார் அண்ணன்.

"ஓம் தம்பி. உண்மையில இவருக்குத்தான் அரைச்சிருக்க வேணும்" என்றார் மாமனார்.

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அரைத்த கதை மாமனாருக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் நின்றார்.

"அந்த மனுசன் லாரிய வித்துட்டாராமுல்ல?"

"ஆமாண்ணே. விலை விழுந்துருச்சு."

"ஆத்தா காரியத்த முடிச்சுட்டாடா. போட்டவனும் போயிட்டான், அதுல வாழ்ந்தவரும் விழுந்துட்டாரு. நான் அப்புனது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அண்ணே, இங்க சனங்க ஓட்டுப் போட்டு மாத்துனாங்க. காளிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தச் சனத்துக்குப் புத்திய மாத்துனது யாருங்கிறே?" என்று அண்ணன் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

திரும்பி வந்து நேரே அடுப்படி வாசலில் நின்றார். "தாயி, அன்னைக்கு ஒங்க அப்பாருன்னு தெரிஞ்சுந்தான் அப்புனேன். ஊரு பாத்துக்கிட்டு நின்னுச்சு, எனக்கு வேற வழி தெரியல. நான் போயி ஆத்தாளக் குளிர வச்சுர்றேன். ஒங்க அப்பாருகிட்ட வாங்குனதத் திருப்பிக் குடுத்துரச் சொல்லிக் கேக்குறேன்."

புவனம் அடுப்பிலிருந்து திரும்பினாள். அகப்பை கையில் அப்படியே நின்றது. மாமனார்தான் கேட்டார்:

"குளிர வைச்சா என்ன நடக்கும், தம்பி?"

"பழையபடி கதவு சாத்திரும். ஒங்க மொளகா வெல ஏறிரும்."

"அப்ப உங்கட மிளகாய்?"

"கெடக்கட்டும்" என்றார் அண்ணன்.

மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காளியில் நம்பிக்கை இல்லை, எங்கள் காளியில் சுத்தமாக இல்லை. ஆனால் எதிரே இருக்கிற ஆளுக்கு இருக்கிறது என்பது விளங்கிவிட்டது. தொண்டையைச் செருமினார். "அப்ப கொஞ்சம் கெதியாச் செய்யுங்கோ. அடுத்த போகம் நடப்போறன்" என்றார்.

புவனம் சிரித்தாள். முதலில் சிரிப்பு, பிறகு அழுகை. ஏழு வருஷமாக வராத அழுகை.

8

குளிர வைக்கிற அன்றைக்குப் புவனமும் என்னோடு ஊருக்கு வந்திருந்தாள். வாசலில் அண்ணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாத்தா" என்று ஊர் கேட்க அழுதார். புவனமும் சேர்ந்து அழுதாள். நானும் அண்ணனும் மாட்டைப் பார்க்கிற சாக்கில் தொழுவத்துக்குப் போய்விட்டோம்.

ஊருக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். கதவு திறந்ததற்கு நன்றிக்கடன் செலுத்துவதாக நினைத்துக்கொண்டார்கள். மேளம் வைத்தார்கள். அம்பலக்காரர் அண்ணன் தலையில் பரிவட்டம் கட்டினார். அண்ணன் எண்ணெய் ஊற்றினார், இளநீர் ஊற்றினார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். காளியின் காதோரம் குனிந்து நெடுநேரம் முணுமுணுத்தார். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் அவர் கேட்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அண்ணன் பரிவட்டத்தோடு கூசிப்போய் நின்றார்.

9

கதவு சாத்தவில்லை. இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. மாமனார் தோட்டம் முழுக்க மிளகாயை நட்டு, விலை ஏறுமென்று காத்திருக்கிறார். காளியை நம்பவில்லை என்கிறார், ஆனால் நட்டுவிட்டார். அண்ணனோ எப்படியும் சாத்திவிடுவார்கள் என்று கடலை போட்டிருக்கிறார். மிளகாய் போடாதீர்கள் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பரிவட்டம் கட்டின தலை, காரணத்தை எங்கே கொண்டு போய் வைக்கும்? போனமுறை ஆள்வழி கேட்டுவிட்டிருந்தார்: "அங்குட்டு வரி போட்டாச்சான்னு கேட்டுட்டு வா." இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இந்தியத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று நான் விசாரித்ததற்கு, யாருக்குப் போட்டாலும் ஒண்ணுதான் என்று சொன்னாராம். கதர்க்காரரும் போனார், கரை வேட்டிக்காரரும் போனார், கடைசியில் வெறும் வெள்ளாமைக்காரர்தான் மிச்சம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புவனம் பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள். நான் சொல்லவேண்டிய வேலை மிச்சமாயிற்று. கடலை என்ற இடத்தில் விரலை வைத்து, "உண்மையோ?" என்றாள். ஓம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கட அண்ணனுக்கு எழுதுங்கோ" என்றாள். "அத்தானை மிளகாயே போடச் சொல்லி எழுதுங்கோ. அப்பா விழுந்தா நான் இருக்கிறன். அத்தான் விழுந்தா, ஏன் விழுந்தனான் எண்டு ஆரிட்டச் சொல்லுவார்?"

எழுதிவிட்டேன்.